வெப் சர்வர்ல உங்க சைட்டுக்கு பதிலா டீஃபால்ட் பேஜ் வருதா? ஒவ்வொரு படியா பாத்து சரிபண்ண முழு வழிகாட்டி

ஃபைலெல்லாம் ஏத்தியாச்சு, டொமைனை சர்வரோட ஐபிக்கு திருப்பியாச்சு, பிரவுசர்ல அடிச்சா உங்க சைட்டுக்கு பதிலா உபுண்டு லோகோ போட்ட அப்பாச்சி டீஃபால்ட் பேஜ் வந்து நிக்குது. இல்லன்னா வெள்ளையா ஒரு "வெல்கம் டு என்ஜின்எக்ஸ்" பக்கம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ரெண்டும் சைட்டை வெளிய அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர். சிலருக்கு 403 ஃபர்பிடன் (அனுமதி இல்லங்கிற எரர்), சிலருக்கு ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் லிஸ்ட் அப்படியே தெரியுது. பாக்கறதுக்கு நாலும் வேற வேற மாதிரி இருந்தாலும் வேர் ஒண்ணுதான்: யாராவது வெறும் டொமைனை மட்டும் கேட்டா எந்தப் பக்கத்தைக் குடுக்கணும்ங்கிறதுல சர்வர் எடுத்த முடிவும் நீங்க மனசுல வெச்சிருந்ததும் ஒத்துப்போகல.

அந்த முடிவு ஒரே இடத்துல நடக்கறதில்ல, நாலு இடத்துல வரிசையா நடக்குது. மொதல்ல எந்த மெஷினுக்கு ரிக்வெஸ்ட் போகுது, அந்த மெஷின்ல எந்த சைட்டோட கான்ஃபிக் (செட்டிங் ஃபைல்) அதை எடுத்துக்குது, அந்த கான்ஃபிக் எந்த ஃபோல்டரைக் காட்டுது, கடைசியா அந்த ஃபோல்டருக்குள்ள எந்த ஃபைல். பிரச்னைன்னு வந்தா பெரும்பாலும் எல்லாரும் நேரா நாலாவதுல போய் உக்காந்து இண்டெக்ஸ் ஃபைல் பேரை மாத்தி மாத்தி பாக்கறாங்க, ஆனா தப்பு ரெண்டாவதுல இருக்கும், ராத்திரி பூரா போனாலும் சரியாகாது. அதனால இந்த வரிசையை மட்டும் விடாதீங்க, மேல இருந்து கீழ வாங்க, ஒரு படி சரின்னு கண்ணால பாத்த பிறகுதான் அடுத்தது.

ஒரு சின்ன விஷயம். கமாண்ட், ஃபைல் பேரெல்லாம் இங்க உச்சரிக்கிற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்ங்கிற இடத்துல சொல்றேன். உபுண்டு, டெபியன் சர்வரை வெச்சுத்தான் சொல்லப்போறேன், மத்ததுல மாறுற இடத்தையும் சொல்லிடுறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: வந்திருக்கிற பக்கத்தைப் படிங்க

திரையில வந்த பக்கமே பாதி பதில் சொல்லிடும். உபுண்டு லோகோ போட்ட அப்பாச்சி பக்கம் வந்தா அது நிஜமாவே ஒரு ஃபைல், /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் ஃபோல்டர்ல இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்ங்கிற பேர்ல உக்காந்திருக்கு. டெபியன், உபுண்டுல என்ஜின்எக்ஸ் பக்கம் வந்தா அதே ஃபோல்டர்ல இண்டெக்ஸ்.என்ஜின்எக்ஸ்-டெபியன்.எச்டிஎம்எல்னு இருக்கும். ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் குடும்பத்து அப்பாச்சில கதை வேற. அங்க வெப் ஃபோல்டர் காலியா இருந்தா 403 எரர் வரணும், அந்த எரருக்கு பதிலா ஒரு வரவேற்பு பக்கத்தைக் காட்டுன்னு வெல்கம்.கான்ஃப்ங்கிற கான்ஃபிக் சொல்லி வெச்சிருக்கு. அதனால அந்த ஃபோல்டர்ல போய் டெலீட் பண்ண ஃபைலைத் தேடாதீங்க, இருக்காது. உங்க இண்டெக்ஸ் ஃபைலை சரியான இடத்துல வெச்சா அந்தப் பக்கம் தானா மறைஞ்சுடும்.

மொதல் படி: நீங்க பேசுறது உங்க மெஷின்கிட்டதானா?

இதுக்கு எனக்குத் தெரிஞ்சதுலயே நம்பகமான வழி, சர்வர்ல ஆக்சஸ் லாகை (வர்ற ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் சர்வர் எழுதி வைக்கிற ஃபைல்) திறந்து வெச்சுட்டு பிரவுசர்ல ரீஃப்ரெஷ் பண்றதுதான். டெயில் -எஃப் போட்டு /வார்/லாக்/அப்பாச்சி2 ஃபோல்டர்ல ஆக்சஸ்.லாகைப் பாருங்க, என்ஜின்எக்ஸ்னா /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்ல அதே பேர். ரீஃப்ரெஷ் பண்ணதும் புது வரி விழுந்தா மெஷின் சரி. டெபியன் அப்பாச்சில ஒண்ணு கவனிங்க, சைட் கான்ஃபிக்ல தனியா லாக் குறிப்பிடலன்னா வரி ஆக்சஸ்.லாக்ல விழாது, அதே ஃபோல்டர்ல அதர்_விஹோஸ்ட்ஸ்_ஆக்சஸ்.லாக்ல விழும், அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டு லாக்லயும் வரியே விழலைன்னா ரிக்வெஸ்ட் வேற எங்கயோ போகுது, இல்ல பிரவுசரை விட்டு வெளியவே போகல. பிரவுசர் கேஷை, அதாவது அது சேமிச்சு வெச்சிருக்கிற பழைய காப்பியை நம்பாதீங்க. முக்கியமா 301 ரீடைரக்ட், இது நிரந்தரம்னு சர்வர் ஒரு தடவை சொல்லிட்டா பிரவுசர் அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு அடுத்த தடவை சர்வரைக் கேக்காமலே பழைய இடத்துக்குப் போயிடும், நீங்க சர்வர்ல ஆயிரம் மாத்தம் பண்ணாலும் பழசே வரும். அதனால டெஸ்ட் பண்றதெல்லாம் டெர்மினல்ல கர்ல் -ஐ (பிரவுசர் இல்லாம நேரா சர்வரைக் கேக்கற கமாண்ட், ஐ பெரிய எழுத்து), பக்கத்துல டொமைன், இப்படிப் பண்ணுங்க. ஸ்டேட்டஸ் நம்பர், எந்த சர்வர் சாஃப்ட்வேர், ரீடைரக்ட் எங்க போகுதுன்னு மூணும் நாலு வரில வந்துடும். டிஎன்எஸ் (டொமைன் பேருக்கு ஐபி சொல்ற ஏற்பாடு) எந்த ஐபியைக் காட்டுதுன்னு டிக்ங்கிற (டி, ஐ, ஜி) கமாண்டை டொமைனோட போட்டுப் பாருங்க, சர்வர் ஐபியோட ஒத்துப் பாருங்க. ஹோஸ்டிங் மாத்துனவங்களுக்கு பழைய ஐபியே வந்துட்டிருக்கும், அப்போ டிடிஎல் நேரம் (பழைய ஐபியை ஞாபகம் வெச்சிருக்கிற கெடு) முடியற வரைக்கும் பொறுக்கணும், கான்ஃபிக்கைத் தொட வேண்டியதில்ல.

இந்த இடத்துல எனக்கு நடந்த ஒண்ணை சொல்லியே ஆகணும், ஏன்னா இது நிறைய பேருக்கு நடக்குது, காரணம் தெரியாமலே விட்டுடறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தரோட ஜவுளிக்கடைக்கு சைட் வெச்சுக் குடுத்தேன். என் வீட்டு பிராட்பேண்ட்ல அருமையா வருது. அவர் போன்ல பாத்துட்டு "தம்பி, என்னமோ வெல்கம்னு வருதுப்பா, நம்ம கடை எங்கப்பா"ன்னு கேக்கறார். அதே போனை அவர் கடை வைஃபைல போட்டா சைட் வருது, மொபைல் டேட்டாவுக்கு மாறினா என்ஜின்எக்ஸ் வரவேற்பு பக்கம். ரெண்டு மணி நேரம் கேஷ்னு நினைச்சு அவரை போனைத் திரும்பத் திரும்ப ஆஃப் பண்ண வெச்சோம், பாவம் மனுஷன். கடைசில என் லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டு, கர்ல்ல -4 போட்டு ஒரு தடவை, -6 போட்டு ஒரு தடவை அடிச்சுப் பாத்தேன், பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஐபி முகவரில ரெண்டு வகை, பழைய ஐபிவி4, புது ஐபிவி6. ஐபிவி4ல கேட்டா கடை சைட், ஐபிவி6ல கேட்டா வரவேற்பு பக்கம். டொமைனுக்கு நாலு ஏ போட்ட டிஎன்எஸ் ரெக்கார்டு இருக்கு, அதாவது ஐபிவி6 முகவரியும் இருக்கு, ஆனா கடை சைட்டோட கான்ஃபிக்ல லிசன் 80ன்னு ஒரே வரிதான். டீஃபால்ட் சைட்ல மட்டும் கூட ஒரு வரி, லிசன் [::]:80ன்னு இருக்கு. என்ஜின்எக்ஸ் என்ன பண்ணும், ஐபிவி6ல வந்தவங்களுக்கு அந்த கதவுல நிக்கிறது டீஃபால்ட் சைட் மட்டும்தான், அதையே குடுக்குது. கடை சைட்ல அந்த ஒரு வரியைச் சேத்து என்ஜின்எக்ஸை ரீலோட் பண்ணதும் (கான்ஃபிக்கைத் திரும்பப் படிக்க வெச்சதும்) போன்ல கடை வந்துச்சு. உங்க வீட்ல வருது, இன்னொருத்தருக்கு வரலன்னா மொதல்ல இந்த -4, -6 சோதனையைப் பண்ணிடுங்க.

ரெண்டாவது படி: எந்த சைட் கான்ஃபிக் பதில் சொல்லுது?

டீஃபால்ட் பேஜ் புகார்கள்ல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இங்கதான் மாட்டும், அதனால இங்க நிதானமா பாருங்க.

ஒரே சர்வர்ல பத்து சைட் இருக்கலாம். பிரவுசர் அனுப்புற ஹோஸ்ட்ங்கிற ஹெட்டர்ல (ரிக்வெஸ்டோட போற குறிப்பு வரி) இருக்கிற டொமைன் பேரை வெச்சுத்தான் எந்த சைட்னு சர்வர் பிரிக்குது. பேர் எதோடயும் பொருந்தலன்னா எரர் குடுக்காது, அந்த போர்ட்டுக்கு டீஃபால்ட்டா இருக்கிற சைட்டைக் குடுத்துடும். அப்பாச்சில மொதல்ல படிச்ச சைட்தான் டீஃபால்ட், ஃபைல்களை எழுத்து வரிசைல படிக்கும், அதனாலதான் அந்த ஃபைலுக்கு 000-டீஃபால்ட்.கான்ஃப்னு சைபர் சைபரா பேர் வெச்சிருக்காங்க. என்ஜின்எக்ஸ்ல லிசன் வரில டீஃபால்ட்_சர்வர்னு யாருக்குப் போட்டிருக்கோ அது, யாருக்கும் போடலன்னா மொதல்ல இருக்கிறது.

அப்பாச்சில அப்பாச்சி2சிடிஎல் -எஸ் (எஸ் பெரிய எழுத்து) அடிங்க. ஒவ்வொரு போர்ட்டுக்கும் எந்தெந்த சைட், எந்த ஃபைல்ல எத்தனாவது வரில, எது டீஃபால்ட்னு அழகா வரிசையா காட்டும். அந்த லிஸ்ட்ல உங்க டொமைன் பேர் இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா சைட் ஆன் ஆகவே இல்ல. சைட்ஸ்-அவைலபிள்ல ஃபைலை எழுதி வெச்சா போதாது, ஏ2என்சைட் போட்டு ஆன் பண்ணணும். ஃபைல் பேர் .கான்ஃப்னு முடியணும், அப்பாச்சி 2.4ல அப்படி முடியலைன்னா அதைத் திரும்பிக்கூட பாக்காது. பழைய 2.2 சர்வர்ல இருந்து காப்பி பண்ணிட்டு வந்தவங்க இதுல நிறைய மாட்டிருக்காங்க.

இந்த கமாண்ட் அடிக்கும்போது மேல ஏஎச்00558னு ஒரு எச்சரிக்கை வரலாம், சர்வரோட முழுப் பேரைக் கண்டுபிடிக்க முடியலன்னு. அதைப் பாத்து பயந்து அது பின்னாடி போயிடாதீங்க, அதுக்கும் உங்க டீஃபால்ட் பேஜுக்கும் சம்பந்தமில்ல.

என்ஜின்எக்ஸ்ல என்ஜின்எக்ஸ் -டி, டி பெரிய எழுத்து, அடிச்சா இன்க்ளூட் ஆன ஃபைலெல்லாம் சேத்து மொத்த கான்ஃபிக்கையும் கொட்டும். அதுல சர்வர்_நேம்னு தேடுங்க. இங்க ஒரு பொறி இருக்கு, சைட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டர்ல சிம்பாலிக் லிங்க் (இன்னொரு ஃபைலைக் காட்டுற குறுக்குவழி) போடும்போது முழு பாத் குடுக்காம பாதி பாத் குடுத்தா லிங்க் ஒண்ணுமில்லாத இடத்தைக் காட்டிட்டு நிக்கும். எல்எஸ் -எல் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும், ரெண்டு பாத்தும் ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற மாதிரி திரும்ப லிங்க் போடுங்க.

பேர் லிஸ்ட்ல இருந்தும் வரலைன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, டபிள்யூடபிள்யூடபிள்யூ. அது இல்லாத டொமைனை மட்டும் எழுதிட்டு அதோட சேந்ததை மறந்திருப்பீங்க, சர்வரைப் பொறுத்தவரை அது ரெண்டும் வேற வேற பேர். அப்பாச்சில சர்வர்அலியாஸ் வரில சேருங்க, என்ஜின்எக்ஸ்ல சர்வர்_நேம்லயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதலாம். இன்னொண்ணு எச்டிடிபிஎஸ். 80 போர்ட்டும் 443 போர்ட்டும் தனித்தனி கதவு, 80ல உங்க சைட்டை சரியா எழுதிட்டு 443ல எழுதலன்னா எச்டிடிபிஎஸ்ல வர்றவங்களுக்கு அந்தக் கதவுல இருக்கிற வேற சைட்தான் தெரியும், கூடவே சர்ட்டிஃபிகேட் எச்சரிக்கையும் வரும். ஒரு கிளையண்ட் சைட்டைத் திறந்தா இன்னொரு கிளையண்ட் சைட் வருதுன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

மூணாவது படி: எந்த ஃபோல்டர்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். உங்க சைட் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு நினைக்கறீங்களோ அதுக்குள்ள சோதனை123.டிஎக்ஸ்டின்னு ஒரு ஃபைல் (பேரை இங்கிலீஷ்லயே வைங்க), அதுல ஒரு வார்த்தை. இப்போ கர்ல்ல டொமைன் ஸ்லாஷ் அந்த ஃபைல் பேர். வார்த்தை வந்தா ஃபோல்டர் சரி, 404 வந்தா சர்வர் வேற ஃபோல்டரைப் பாத்துட்டிருக்கு, அவ்ளோதான், ஊகிக்கவே வேண்டாம்.

404னா டாக்குமெண்ட்ரூட் வரியை (என்ஜின்எக்ஸ்ல ரூட்) எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. பெரும்பாலும் ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர் வந்திருக்கும், இண்டெக்ஸ் ஒரு படி உள்ள இருக்கும். லாராவெல் மாதிரி ஃப்ரேம்வொர்க்னா ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் காட்டக்கூடாது, அதுக்குள்ள பப்ளிக்னு இருக்கிறதைத்தான் காட்டணும், ப்ராஜெக்ட் ஃபோல்டரையே திறந்து விட்டா பாஸ்வேர்ட் இருக்கிற .என்வ் ஃபைல் வரைக்கும் வெளிய தெரிய வாய்ப்பு இருக்கு. ஷேர்டு ஹோஸ்டிங்னா பப்ளிக்_எச்டிஎம்எல்.

சோதனை முடிஞ்சதும் அந்த ஃபைலை அழிச்சுடுங்க.

நாலாவது படி: எந்த ஃபைல்?

இப்போதான் டீஃபால்ட் பேஜ் செட்டிங்னு பேர் சொல்ற விஷயத்துக்கே வர்றோம். அப்பாச்சில இதுக்கு பேர் டைரக்டரிஇண்டெக்ஸ், என்ஜின்எக்ஸ்ல இண்டெக்ஸ். ரெண்டுமே ஒரு வரிசைதான். இடமிருந்து வலமா பாத்துட்டு வரும், எந்த ஃபைல் மொதல்ல கண்ணுல படுதோ அதைக் குடுத்துட்டு நிறுத்திக்கும்.

உபுண்டுல அப்பாச்சியோட டிஐஆர்.கான்ஃப் ஃபைல்ல இருக்கிற வரிசை இது: இண்டெக்ஸ்.எச்டிஎம்எல், .சிஜிஐ, .பிஎல், .பிஎச்பி, .எக்ஸ்எச்டிஎம்எல், .எச்டிஎம். எச்டிஎம்எல் மொதல்ல, பிஎச்பி நாலாவது. அதனாலதான் வார் ஃபோல்டர்லயே (மேல சொன்ன /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல்) வேர்ட்பிரஸைப் பிரிச்சுப் போட்டவங்களுக்கு எல்லா ஃபைலும் சரியா இருந்தும் உபுண்டு பக்கமே வருது, பழைய இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் அங்கயே உக்காந்து முந்திக்குது. டொமைனுக்குப் பக்கத்துல ஸ்லாஷ் இண்டெக்ஸ்.பிஎச்பின்னு முழுசா கேட்டுப் பாருங்க, வேர்ட்பிரஸ் எழுந்துட்டா இதுதான் காரணம்னு உறுதி. பழைய ஃபைலை வேற பேருக்கு மாத்துங்க, இல்லன்னா உங்க சைட்டோட கான்ஃபிக் ஃபைல்லயே டைரக்டரிஇண்டெக்ஸ் இண்டெக்ஸ்.பிஎச்பி இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்னு ஒரு வரி போடுங்க. டிஐஆர்.கான்ஃபை நேரா திருத்தாதீங்கன்னுதான் நான் சொல்வேன், அது சர்வர்ல இருக்கிற எல்லா சைட்டையும் பாதிக்கும், ஆறு மாசம் கழிச்சு வேற யாரோ வந்து தலையப் பிச்சுக்குவாங்க.

அதே இடத்துல டைரக்டரிஇண்டெக்ஸ் வரியை ரெண்டு தடவை எழுதினா ரெண்டாவது மொதல்லதை அழிக்காது, பட்டியலோட கடைசில போய் சேரும். மாத்துனேன் மாறலன்னு சொல்றவங்க மேல இன்னொரு வரி இருக்கான்னு பாருங்க.

.எச்டிஆக்சஸ் ஃபைல்ல (அப்பாச்சில அந்தந்த ஃபோல்டருக்குள்ளயே வைக்கிற செட்டிங் ஃபைல்) போட்டு வேலை செய்யலையா? அந்த ஃபோல்டருக்கு சைட் கான்ஃபிக்ல அலோஓவர்ரைடு (அந்த ஃபைலுக்கு அனுமதி உண்டான்னு சொல்ற வரி) என்னன்னு பாருங்க. "நன்"னு, அதாவது எதுக்கும் அனுமதி இல்லன்னு இருந்தா, உபுண்டுல வார் ஃபோல்டருக்கு அப்படித்தான் வரும், அந்த ஃபைலை அப்பாச்சி திறக்கவே திறக்காது. இதுல நிச்சயம் பண்ண ஒரு வழி உண்டு, அந்த ஃபைல் மேல வேணும்னே நாலு குப்பை எழுத்தை அடிச்சு சேவ் பண்ணுங்க. 500 எரர் வந்தா படிக்குதுன்னு அர்த்தம், ஒண்ணும் ஆகலன்னா படிக்கல. உடனே குப்பையை எடுத்துடுங்க, லைவ் சைட்ல கூட்டமா இருக்கிற நேரத்துல இதைப் பண்ணாதீங்க. டைரக்டரிஇண்டெக்ஸுக்கு மட்டும்னா அலோஓவர்ரைடு இண்டெக்சஸ் போதும், ஆல்னு திறந்து விட வேண்டியதில்ல.

எழுத்து விஷயத்துல லினக்ஸ் கறார். விண்டோஸ் லேப்டாப்ல பெரிய எழுத்து ஐ போட்டு வெச்ச இண்டெக்ஸ் ஃபைல் அங்க ஓடும், லினக்ஸ் சர்வருக்கு அது வேற ஃபைல். நோட்பேட்ல சேவ் பண்ணதுல இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டின்னு வால் ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம், விண்டோஸ் அந்த வாலை மறைச்சு காட்டும், சர்வர்ல எல்எஸ் போட்டா வெளிய வந்துடும்.

என்ஜின்எக்ஸ்ல கூடுதலா ஒண்ணு, டெபியன் டீஃபால்ட் கான்ஃபிக்ல இண்டெக்ஸ் வரில பிஎச்பியே கிடையாது, நீங்கதான் சேக்கணும். சேத்தபிறகு பக்கம் வராம ஃபைல் டவுன்லோட் ஆனா உடனே நிறுத்துங்க, பிஎச்பி-எஃப்பிஎம்மோட (பிஎச்பி கோடை ஓட்டுற சேவை) இணைக்கிற லொக்கேஷன் பிளாக் கான்ஃபிக்ல இல்லாம உங்க சோர்ஸ் கோடே வெளிய போகுதுன்னு அர்த்தம், வேர்ட்பிரஸ்னா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற கான்ஃபிக் ஃபைலும் அதே வழில போகும். அந்த பிளாக்கைச் சரிபண்ற வரைக்கும் சைட்டை மூடி வைங்க.

403 வந்தா

ஊகம் வேண்டாம், எரர் லாகோட கடைசி வரியைப் படிங்க. அப்பாச்சில ஏஎச்01276ன்னு இருந்தா பட்டியல்ல இருக்கிற எந்த இண்டெக்ஸ் ஃபைலும் அந்த ஃபோல்டர்ல இல்ல, லிஸ்ட் காட்டவும் அனுமதி இல்லன்னு அர்த்தம், எந்தெந்த பேரைத் தேடுச்சுன்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கும். என்ஜின்எக்ஸ்ல டைரக்டரி இண்டெக்ஸ் ஆஃப் இன்ன ஃபோல்டர் இஸ் ஃபர்பிடன்னு வரும், அதே அர்த்தம்தான். பர்மிஷன் டினைட்னு வந்தா கதை வேற, ஃபைல் இருக்கு, சர்வரால போய்ச் சேர முடியல.

பர்மிஷன்ல எல்லாரும் ஃபைலை மட்டும் பாக்கறாங்க. பர்மிஷன் நம்பர் (யார் படிக்கலாம், எழுதலாம்னு சொல்றது) ஃபைலுக்கு 644, அது இருக்கிற ஃபோல்டருக்கு 755, எல்லாம் சரி, ஆனா அதுக்கு மேல மேல இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் நுழைய சர்வருக்கு எக்ஸ் அனுமதி (ஃபோல்டருக்குள்ள போற உரிமை) வேணும், தெருக்கோடில கேட் பூட்டியிருந்தா வீட்டுக் கதவு திறந்து என்ன புண்ணியம். நேம்ஐ -எல் போட்டு முழு பாத்தைக் குடுங்க, ரூட்ல இருந்து ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு படியோட பர்மிஷனையும் ஒரே பக்கத்துல காட்டும். உபுண்டு 21.04ல இருந்து ஹோம் ஃபோல்டர் 750ன்னுதான் உருவாகுது, அதனால பழைய சர்வர்ல ஹோமுக்குள்ள ஓடின சைட்டை அப்படியே புது சர்வருக்கு தூக்கிட்டு வந்தா 403. சைட்டை வார் ஃபோல்டருக்கு மாத்திடுங்க, அதுதான் சுத்தம். தயவுசெஞ்சு 777 போடாதீங்க. அது பிரச்னையை மறைக்கும், சர்வர்ல இருக்கிற யார் வேணா உங்க பக்கத்தை மாத்தி எழுதலாம்னு திறந்தும் விடும்.

ரெட் ஹேட் குடும்பத்துல பர்மிஷனெல்லாம் சரியா இருந்தும் 403 வந்தா காரணம் எஸ்இலினக்ஸ், அதாவது ஃபைல்ல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாத்து அனுமதி குடுக்கற கூடுதல் பாதுகாப்பு. ஹோம்ல இருந்து எம்வி பண்ணி கொண்டுவந்த ஃபைல் பழைய லேபிளோடயே வரும். எல்எஸ் -இசட்ல (பெரிய இசட்) பாத்துட்டு ரெஸ்டோர்கான் -ஆர்வி (ஆர் மட்டும் பெரிய எழுத்து) அந்த ஃபோல்டருக்கு அடிச்சா சரியாயிடும்.

விண்டோஸ் ஐஐஎஸ் வெச்சிருக்கவங்களுக்கு

ஐஐஎஸ் மேனேஜர்ல உங்க சைட்டைத் தேர்ந்தெடுத்து டீஃபால்ட் டாக்குமெண்ட் ஐகானைத் திறங்க. டீஃபால்ட்.எச்டிஎம் மேல இருக்கும், ஐஐஎஸ்ஸ்டார்ட்.எச்டிஎம் கீழ இருக்கும், உங்க ஃபைல் பேரைச் சேத்து மேல தள்ளுங்க. இண்டெக்ஸ் எதுவுமே கிடைக்கலன்னா 403.14 வரும். வெப்.கான்ஃபிக்ல கையால எழுதும்போது மேல் மட்டத்துல ஏற்கனவே இருக்கிற பேரையே திரும்ப ஆட் பண்ணா டூப்ளிகேட்னு 500.19 அடிக்கும், அதுக்கு ஆட் வரிகளுக்கு முன்னாடி ஒரு கிளியர் வரி போட்டா போதும்.

மாத்தினதை நடைமுறைக்கு கொண்டு வர்றது

ரீலோட் பண்றதுக்கு முன்னாடி சோதிங்க. அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் அடிச்சா சின்டாக்ஸ் ஓகேன்னு வரணும், என்ஜின்எக்ஸ்ல என்ஜின்எக்ஸ் -டி, இந்தத் தடவை சின்ன எழுத்து. இதைத் தவிர்க்காதீங்க, ஏன்னா என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல தப்பு இருந்தா ரீலோட் பண்ணும்போது சைட் விழாது, பழைய கான்ஃபிக்லயே ஓடிட்டிருக்கும். ஒரு செமிகோலன் விட்டுட்டு, மாத்தி மாத்தி எழுதியும் ஒண்ணும் ஆகலையேன்னு ஒரு நாள் பூரா போராடினவங்களை நான் பாத்திருக்கேன்.

சைட் வந்தபிறகு ரெண்டு வேலை பாக்கி. ஒண்ணு, ஃபைல் லிஸ்டை மூடறது, அப்பாச்சில ஆப்ஷன்ஸ் -இண்டெக்சஸ், என்ஜின்எக்ஸ்ல ஆட்டோஇண்டெக்ஸ் ஆஃப், இல்லன்னா இண்டெக்ஸ் இல்லாத ஏதாவது ஒரு ஃபோல்டர்ல நீங்க மறந்துபோன டேட்டாபேஸ் பேக்கப் வரைக்கும் எல்லாரும் பாக்கலாம். ரெண்டாவது, பேர் பொருந்தாம வர்ற ரிக்வெஸ்டுக்கு என்ன பதில்னு நீங்களே முடிவு பண்றது. என்ஜின்எக்ஸ்ல டீஃபால்ட் பிளாக்ல ரிட்டர்ன் 444ன்னு ஒரு வரி போட்டா பதிலே சொல்லாம இணைப்பை வெட்டிடும், அப்பாச்சில 000-டீஃபால்ட் சைட்டுக்கு காலியா ஒரு ஃபோல்டரைக் காட்டிடலாம். அதுக்கப்புறம் கர்ல்ல நாலு தடவை அடிச்சுப் பாருங்க, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூவோட, அது இல்லாம, ஐபிவி6 இருந்தா அந்த நாலையும் -6 போட்டு இன்னொரு தடவை.